முதுகுள்ள புத்தகம்

சரஸ்வதி பூஜை விஷயத்தில் திருவனந்தபுரத்தில் விளையாட்டே கிடையாது. அஷ்டமி சாயங்காலம் வீட்டிலுள்ள புத்தகங்களையெல்லாம் அடுக்கி, பட்டுத்துணி போர்த்தி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை ஓர் எழுத்துப் படிக்கக்கூடாது, எழுதவும் கூடாது. எங்கள் கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்தில் அந்த நாட்களில் பிள்ளைகள் ஏக சந்தோஷமாகத் தெருவில் திரிவார்கள். அப்பா மட்டும் யாருக்கும் தெரியாமல் குளியலறைப் பக்கம் போய் செய்தித்தாள் படிப்பார்.

ஒரு நவமியன்று அக்கா அவரைக் கையும் களவுமாகப் பிடித்தாள். பாவாடை கட்டும் வயதிலேயே அவள் வக்கீல். செய்தித்தாள் படிக்கலாமென்றால் எங்கள் காமிக்ஸ் மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்டாள். அப்பா செய்தித்தாளை மடித்துக்கொண்டே, "முதுகு இருந்தா புஸ்தகம். சும்மா நடுவிலே பின் அடிச்சதெல்லாம் காயிதமாக்கும். காயிதம் படிக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

எங்கள் காமிக்ஸ் எல்லாமே பின் அடித்தவை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில், தமிழ் வாரப் பத்திரிகைகளுக்கு நடுவே கயிற்றில் தொங்கும். அதிசய சக்தி கொண்ட ஒரு கூட்டம் உலகத்தைக் காப்பாற்றும் கதை. உடம்பைக் கண்ணாடியாக்கிக்கொள்ளும் ஒரு பெண், நிழலை நீட்டி ஆளைக் கட்டும் ஒருவன், இடிக்குரலில் சுவரைப் பெயர்க்கும் ஒரு கிழத் தலைவர், இன்னும் சிலர். நாங்கள் அவர்களைக் 'கோஷ்டி' என்போம். அந்தக் கோஷ்டிக்குள் ஒரு துரோகி இருக்கிறான் என்று தெரிந்த மாதத்தோடு அந்தக் கடைக்குப் புத்தகம் வருவது நின்றுபோயிற்று. நிழல்காரன்தான் துரோகி என்றேன் நான். கண்ணாடிக்காரி என்றாள் அக்கா. அது தீராமலே அவளுக்குக் கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்டாள்.

பிறகு அவள் வங்கியில் மேனேஜராகி, ஓய்வும் பெற்றாள். வருஷத்துக்கு ஒருமுறை பூஜைக்கு வருவாள். அவள் என் சர்க்கரையை விசாரிப்பாள், நான் அவள் முட்டிவலியை விசாரிப்பேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம். கூடப் பிறந்தவளோடு பேச ஒன்றுமில்லாமல் போனது எனக்கு உள்ளூரப் பெரிய வருத்தம். அதை யாரிடம் சொல்வது?

போன வருஷம் இங்கே ஒரு புத்தகக் கண்காட்சியில், சமையல் புத்தகங்களுக்குப் பக்கத்தில், கோஷ்டி நின்றுகொண்டிருந்தது. பழைய இதழ்களையெல்லாம் தொகுத்து, வர்ணமடித்து, கெட்டி அட்டையில் தலையணை கனத்துக்குப் போட்டிருந்தார்கள். வாங்கிவந்து அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்து, தினமும் கொஞ்சம் படித்தேன். பொதுப்பணித் துறையில் காலந்தள்ளியவன் காமிக்ஸ் படிப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. இடிக்குரல் தலைவர் பாலத்தைப் பெயர்த்தால் எனக்கு எஸ்டிமேட் ஓடுகிறது. வில்லன் தன் திட்டத்தை முழுப்பக்கம் விளக்கி முடிக்கும்வரை எல்லாரும் பொறுமையாக நிற்கிறார்கள், எங்கள் ஆபீஸ் மீட்டிங் மாதிரியே. ஆனாலும் கண்ணாடிக்காரி விரிசல் விட்ட பக்கத்தை இரண்டு நாள் என்னால் புரட்ட முடியவில்லை. கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்கவில்லை. அதை அக்காவோடு சேர்ந்து படித்துச் சண்டையை முடிப்பதாகத் திட்டம்.

அஷ்டமியன்று அவள் வந்த வண்டி லேட். தம்பானூரிலிருந்து அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வீடு சேர்வதற்குள் என் மனைவி பூஜை வைத்து முடித்துவிட்டாள். பட்டுத்துணிக்கு வெளியே ஒரு கெட்டி அட்டையின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பூட்ஸ் கால் தெரிந்தது.

அக்கா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "டேய், அது நம்ம கோஷ்டியாடா?"

"அதேதான். உனக்காக வாங்கினதாக்கும்."

"எடு, எடு."

"எடுக்கப்படாது" என்றாள் மனைவி. "சட்டைக்கு அடியிலே கிடந்தது. பைண்டு இருக்கு, முதுகு இருக்கு. அப்பா சொன்ன கணக்குக்கு அது புஸ்தகம்தானே அக்கா? நீங்கதான் போன பூஜைக்கு அந்தக் கதையைச் சொன்னேள்."

அக்கா விடவில்லை. உள்ளே இருப்பதெல்லாம் பழைய காகிதங்கள்தான், யாரோ சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், அவ்வளவே என்று வாதாடினாள். செல்லவில்லை. "நான் மேல்கோர்ட்டுக்குப் போறேன்" என்றாள் கடைசியில். மனைவி சுவரில் மாலை போட்டிருந்த அப்பாவின் படத்தைக் காட்டினாள்.

நவமி முழுவதும் எங்களுக்கு வேறு வழியில்லை. கதையை ஞாபகத்திலிருந்தே சொல்லிப் பார்த்தோம். எழுதவோ வரையவோ கூடாதாகையால் அக்கா முட்டிவலியோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து காய்கறிகளை வைத்து விளக்கினாள். முருங்கைக்காய் நிழல்காரன், வெள்ளரிக்காய் கண்ணாடிக்காரி, சேனைக்கிழங்கு தலைவர். வில்லனின் கோட்டைக்குள் முதலில் நுழைந்தது யார் என்பதில் எங்களுக்குள் குரல் ஏறியது. பக்கத்து வீட்டு மாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, சொத்துத் தகராறோ என்று என் மனைவியிடம் ரகசியமாக விசாரித்தாள். கதை உச்சத்துக்கு வந்த நேரத்தில் மனைவி தலைவரை எடுத்துக்கொண்டு போய் எரிசேரிக்கு நறுக்கிவிட்டாள். அன்றைக்கு மின்விசிறியை யாரும் பார்க்கவில்லை.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்ததும் பச்சரிசியில் விரலால் ஹரிஸ்ரீ எழுதி, அவரவர் புத்தகத்திலிருந்து கொஞ்சம் சத்தமாகப் படிக்கவேண்டும். அக்கா குளித்து, பட்டுப்புடவை கட்டி, கோஷ்டியை மடியில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டாள். கடைசி அத்தியாயத்தை லலிதா சகஸ்ரநாமம் சொல்லும் குரலில் படிக்க ஆரம்பித்தாள். டமால், படார் எதையும் விடவில்லை. கற்பூரத் தட்டோடு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"யாராக்கும் துரோகி?" என்றாள் மெதுவாக.

"இரு, முகமூடியைக் கழட்டறான்" என்று அக்கா பக்கத்தைப் புரட்டினாள். 'தொடர்ச்சி இரண்டாம் தொகுப்பில்' என்று இருந்தது. அட்டையை மூடிப் பார்த்தோம். கொட்டை எழுத்தில் ஒன்று என்று போட்டிருந்தது. இத்தனை நாளும் அதை நான் கோஷ்டியின் சின்னம் என்று நினைத்திருக்கிறேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் மேனேஜராக இருந்தபோது கிளார்க்குகள் பட்ட பாடு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மத்தியானம் அவளை வண்டியேற்றப் போனேன். எப்போதும் உட்கார்ந்ததுமே "நீ கிளம்பு, வெயில்" என்பாள். இந்த முறை ஜன்னலோரம் கூப்பிட்டாள்.

"ரெண்டாவதை வாங்கிடு. ஆனா பிரிக்கப்படாது, கேட்டியா?"

"இல்லை. அடுத்த பூஜைக்கு நீ வரச்சே சேர்ந்து பிரிக்கலாம்."

"அடுத்த பூஜைவரை எவ காத்திண்டிருப்பா? தீபாவளிக்கு வரேன்."

வண்டி நகர்ந்தது. கல்யாணமாகித் தலைதீபாவளிக்கு வந்துபோன பிறகு, அவள் எங்கள் வீட்டுக்குத் தீபாவளிக்கு வந்ததே இல்லை.