ராகு காலத்துல தொறக்குற கதவு

சின்ன ஊரு ஏர்போர்ட் வழியா போறவங்களுக்கு நான் சொல்ற முதல் புத்தி: புருஷனை ஊட்லயே வுட்டுட்டுப் போங்க. சிரிக்காதீங்க, பட்டவ சொல்றேன்.

தெக்கத்திப் பக்கம் என் நாத்தனார் புது ஊடு கட்டி கிரகப்பிரவேசம் வச்சிருந்தா. அம்பத்தூர்லேர்ந்து நாங்க ரெண்டு பேரும் போயிருந்தோம். பந்தியில உக்காந்து எலையில கை வைக்கிறேன், என் தம்பி போன் பண்றான். "அக்கா, அப்பாவைப் பூந்தமல்லி ஆஸ்பத்திரில சேத்துகீறோம். டாக்டரு கைய விரிச்சிட்டாரு. உன்னையேதான் கேட்டுகினு கீறாரு, உடனே கெளம்பி வா." எலையை அப்படியே மூடிட்டு எழுந்தேன். என் பையன் அம்பத்தூர்லேர்ந்தே அன்னிக்கு சாயங்கால ஃப்ளைட்டுக்கு ரெண்டு டிக்கெட் போட்டான். அனுப்பினது யாரு போனுக்கு? அவங்கப்பா போனுக்கு. என்கிட்டயும்தான் ஒரு போன் கீது, அது எவன் கண்ணுக்குத் தெரியுது? டிக்கெட்டை அவங்கவங்க போன்ல வாங்கி வச்சுக்கோங்க.

எங்க ஊட்டுக்காரரு எங்க போனாலும் வானகரம் டிராஃபிக்கை மனசுல வச்சுத்தான் கணக்குப் போடுவாரு. நாத்தனார் ஊரு ரோட்டுல குறுக்க வர்றது ஆடு மட்டும்தான், இவரு மூணு மணிக்கே கொண்டாந்து எறக்கிட்டாரு. ஏர்போர்ட்டுன்னா பெருசா நெனைக்காதீங்க, ஆவடியில கல்யாண மண்டபம் இதைவிடப் பெருசு. ஒரே கதவு, அதுவும் பூட்டி. துப்பாக்கியோட நின்னவரு நாலரைக்குத்தான் தொறப்போம்னு இந்தியில சொல்லி, கைய ஆட்டி வெயில்ல உக்கார வச்சுட்டாரு. சுத்துப்பட்டுல ஒரு டீக்கடை கூட இல்ல.

நாலரைக்குக் கதவு தொறந்துச்சு. நான் பையைத் தூக்கினேன். அவரு அசையல.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நாலரையிலேர்ந்து ஆறு ராகு காலம். வாசப்படி தாண்டக் கூடாது."

"யோவ், ஃப்ளைட்டு ஆறேகாலுக்கு! ஒரு மணி நேரம் முன்னாடியே கவுன்டரை மூடிடுவாங்கன்னு பையன் படிச்சுப் படிச்சுச் சொன்னானே!"

"இருக்கிறதே ஒரே ஃப்ளைட்டு, நம்மள வுட்டுட்டா பூடும்? உங்கப்பா நல்லா இருக்கணும்னுதானே சொல்றேன்."

அட கருமமே! பூந்தமல்லி ஷேர் ஆட்டோன்னு நெனச்சுக்கினாரு போல, ஆளு நெறஞ்சாத்தான் எடுப்பான்னு. இத்தனை வருஷம் கம்பெனில சூப்பர்வைசரா இருந்தாரே, ஷிஃப்டுக்கு ஒரு நாளாவது ராகு காலம் பாத்துப் போனாரா? கேட்டேன். வானத்தைப் பாத்தாரு. கால்ல வுழாத குறையா கெஞ்சினேன். உள்ள போற ஜனமெல்லாம் எங்களைத் திரும்பித் திரும்பிப் பாக்குது. அங்க எங்கப்பா மூச்சு இழுத்துக்கினு கீறாரு, இங்க இந்தாளு பெட்டி மேல சட்டமா உக்காந்துகீறாரு. அவரு சட்டைப் பாக்கெட்லேர்ந்து போனை வெடுக்குனு உருவிக்கினு நேரா உள்ள போய்ட்டேன். அவரு டிக்கெட்டும் அதுலதான். கெடக்கட்டும்.

கவுன்டரை மூடப் போற நேரம். "சார் வரலையா?"ன்னு கேட்டா அங்க இருந்த பொண்ணு. "நல்ல நேரம் பொறந்ததும் வருவாரு, நீ என்னை அனுப்பும்மா"ன்னேன். சின்ன ஃப்ளைட்டுன்னு ஏணிகிட்ட கைப்பெட்டியையும் வாங்கிக் கீழ டிக்கியில போட்டுக்குவாங்க. மருந்து மாத்திரையை முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க.

சென்னையில எறங்கி நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்பா கண்ணைத் தொறந்தாரு. என்னைப் பாத்தாரு, அப்புறம் எனக்குப் பின்னாடி பாத்தாரு.

"மாப்ள எங்கம்மா?"

"கீழ வண்டிய நிறுத்துறாருப்பா."

அந்த மூஞ்சில ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க! "அவரு கூட்டியாந்ததாலதான் நீ நேரத்துக்கு வந்து சேந்த. நல்ல மனுஷன்"னாரு.

எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. சாகக் கெடக்குற மனுஷன்கிட்ட இன்னான்னு சண்டை போடறது? "ஆமாப்பா"ன்னேன். அதுக்கப்புறம் அவரு கண்ணே தொறக்கல. எங்கப்பாகிட்ட நான் கடைசியா பேசின பேச்சு அதுதான்.