குளவிக்குக் கொடுத்த காது

யூஜினாவுக்கு முன்னெல்லாம் கொழுந்து எடுக்கும்போது கை அது பாட்டுக்கு வேலை செய்யும், மனசு அது பாட்டுக்கு ஊர் சுற்றும். இப்போது புல் வெட்ட ஆளில்லை என்கிறது தோட்ட நிர்வாகம். தேயிலை மலை காடாகிக் குளவி கூடு கட்டியதும் அந்தச் சுகமும் போயிற்று. பக்கத்து நிரையில் கொட்டு வாங்கிய மரியநாயகி ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாகத்தான் வந்தாள். அன்றிலிருந்து யூஜினாவின் காது குளவிக்கென்றே ஆகிவிட்டது. இரைச்சல் கேட்டதும் இடுப்பில் கட்டிய படங்குத் துணியை இழுத்துத் தலையில் போட்டுக் குப்புற விழ வேண்டும். யோசித்தால் தீர்ந்தது.

கூடையை இறக்கினாலும் அந்தக் காது இறங்குவதில்லை. "அம்மா, நா பேசுறது காதுல விழுதா இல்லயா?" என்று மகள் ஜொய்சி கத்துவாள். விழாது. லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தில் வண்டு மோதினால் மட்டும் விழும். படுத்தாலும் தூக்கமில்லை, அசதிதான்.

ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கத்துக்கு மைக்கைத் தட்டினார். ஸ்பீக்கர் 'ங்ங்' என்று இரைந்தது. முக்காட்டை இழுத்துக்கொண்டு யூஜினா தரையில் குப்புற விழுந்தாள். பிறகுதான் இது கோயில் என்று உறைத்தது. மானம் போச்சே என்று மெல்லத் தலையைத் தூக்கினாள்.

பெண்கள் பக்கம் பெஞ்சுகள் காலியாக இருந்தன. கொழுந்து எடுக்கிறவர்கள் அத்தனை பேரும் முக்காட்டோடு தரையில் குப்புறக் கிடந்தார்கள்.