நாங்களே விரும்பிக் கேட்ட மாற்றம்

மகளின் ஆங்கில மொழிமூல வகுப்பில் கடைசியாகப் பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். ஆறாம் தரத்தில் பரீட்சை வைத்துத் தெரிந்தெடுத்தபோது முப்பத்திரண்டு பேர். கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில், மற்றப் பாடங்கள் தமிழில். பத்தாம் தரத்தின் தொடக்கத்தில் விஞ்ஞான ரீச்சர் கனடாவுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. அந்தப் பாடவேளைகளில் பிள்ளைகள் நூலகத்தில் இருந்தார்கள். மகளின் கொப்பியில் கடைசிப் பக்கத்தில் சிறுநீரகத்தின் படம் கிடந்தது. பாகங்களின் பெயர்களைப் பாதிதான் குறித்திருந்தாள்.

இரண்டாம் தவணையில் அதிபர் பெற்றோரைக் கூப்பிட்டார்.

"கணிதம் படிப்பிக்கிற சேரும் இடமாற்றம் கேட்டிட்டார். ஓ.எல். சோதினைக்கு முதல் பிள்ளையளைத் தமிழ் வகுப்போடை சேர்ப்பம். நீங்கள் விரும்பிக் கேட்ட மாதிரி ஒரு கடிதம் தந்தியளெண்டா எனக்கும் லேசு."

பின்வரிசையில் குருநகர் மீனவர் ஒருவர் எழுந்தார். அவருடைய மகளும் என் மகளும் வகுப்பில் ஒரே வாங்கில் அருகருகே இருப்பவர்கள்.

"நாங்கள் விரும்பேல்லையே, சேர். ரீச்சர் இல்லாமல்தானே மாத்திறியள். அதையே எழுதுவம்."

"அப்பிடி எழுதினா வலயக் கல்விக் கந்தோரிலை என்னட்டை விளக்கம் கேப்பினம். ரீச்சர் வராது தம்பி, விளக்கம் கேட்டுக் கடிதம்தான் வரும்."

சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு தாய் என்னைக் காட்டினார். "அண்ணை பேப்பரிலை வேலை செய்யிறவர்தானே. அவரே எழுதட்டும்."

எழுதினேன். பத்திரிகையில் என் வேலை பிறர் எழுதிய செய்திகளைத் திருத்துவது. காரணம் சொல்லாத செய்தியை எழுதியவரிடமே திருப்பி அனுப்புவேன். அன்று நான் எழுதிய வசனம் இது: "பிள்ளைகளின் நன்மை கருதி, இம்மாற்றத்தை நாங்களே விரும்பிக் கோருகிறோம்." ஆசிரியர் இல்லை என்பது அதில் எங்கும் இல்லை. மீனவர் கடைசியாகக் கையெழுத்து வைத்தார்.

"என்ரை பிள்ளை ஒண்டுக்காக வகுப்பு நடத்துவினமே, அண்ணை?" என்று மட்டும் கேட்டார்.

தமிழ் வகுப்பில் மகள் விஞ்ஞானப் புத்தகத்தைப் புதிதாகத் தொடங்கினாள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கு ஆங்கிலத்தில் தெரியும். தமிழ் வினாத்தாள் என்ன கேட்கிறது என்பதுதான் தெரியவில்லை. என்னிடம் வந்து கேட்பாள். தமிழ்ச் சொல்லை நான் வாசிப்பேன், அது எந்தப் பாகம் என்று எனக்குத் தெரியாது. எண்பதுக்குக் கீழே வராதவள் அந்தத் தவணையில் விஞ்ஞானத்தில் முப்பத்தொன்று எடுத்தாள். மருத்துவப் படிப்பைப் பற்றி வீட்டில் கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

சில வாரங்களுக்குப் பின் வலயத்திலிருந்து கடிதம் திரும்பி வந்தது. மாணவர்களின் கையொப்பமும் வேண்டுமாம். அதிபர் அதை வகுப்புக்குக் கொடுத்தனுப்பினார்.

அன்று பின்னேரம் மகள் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"அப்பா, அந்தக் கடிதத்திலை உங்கடை எழுத்தைக் கண்டனான்."

கையிலிருந்த பேப்பரை மடித்தேன்.

"நாங்கள் எப்பயப்பா விரும்பினனாங்கள்?"

"கையெழுத்து வைச்சனியோ?" என்று கேட்டேன்.

"வைச்சனான். எல்லாரும் வைச்சிட்டினம், நான்தான் கடைசி" என்றாள். பிறகு உடுப்பு மாற்றப் போனாள்.