பாங்கு சுவிட்ச்

என் காக்காவுக்கு, கூடப்பிறந்த அண்ணனுக்கு, எதையும் இருந்தபடி இருக்க விடத் தெரியாது. கொழும்பில் ஒரு இசைக்குழு கலைந்தபோது வாங்கிவந்த பழைய ஜப்பான் கிட்டாரை அவர் படுத்திய பாட்டைப் பார்த்திருந்தால், அதைச் செய்தவன் அழுதிருப்பான். கல்முனையில் நான் ரேடியோவும் டீவியும் திருத்துகிறவன். இப்போது மின்விசிறியும் ஃபோனும்தான் அதிகம் வருகின்றன. அதனால் அவருடைய கிறுக்கெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும்.

"இதுல இன்னொரு ஓட்ட போடணும்டா தம்பி" என்பார்.

"காக்கா, இது கிட்டாரா, இடியப்ப உரலா?" என்று கேட்டுக்கொண்டே துளைக் கருவியை எடுப்பேன்.

அந்த வகை எலெக்ட்ரிக் கிட்டாருக்குச் சொந்தக் குரல் கிடையாது. தந்திகளுக்கு அடியில், காந்தத்தில் செப்புக் கம்பி சுற்றிய கட்டைகள் இருக்கும், பிக்கப் என்பார்கள். அவை அதிர்வைப் பிடித்து அனுப்பினால்தான் ஸ்பீக்கரில் சத்தம். இல்லாவிட்டால் நுளம்பு பறக்கிற அளவுதான். காக்கா ஒரு பிக்கப்பின் வயர்களைத் தலைகீழாக மாற்றினார். இரண்டையும் சேர்த்துப் போட்டால் தடிமன் பிடித்தவன் மூக்கால் கதைப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அதற்கு அவ்வளவு சந்தோசம் அவருக்கு. கடல் ஊருக்குள் வந்த வருடம் உப்புத் தண்ணீரில் சுவிட்சுகள் இறுகிப்போயின. கொழும்பில் எடுப்பிக்கிறேன் என்றேன். பொறுக்கவில்லை. ஓடாத மோட்டார் சைக்கிளில் இருந்து ஹெட்லைட் டிம் அடிக்கிற சுவிட்சைக் கழற்றிவந்து பிக்கப் மாற்றுவதற்கு வைத்துக்கொண்டார். வாசல் மணிப் பொத்தான் ஒன்றும் ஏறியது. அதை அமுக்கினால் சத்தம் வெட்டுப்படும்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது பாங்கு சுவிட்ச். பக்கத்து இந்து ஊர்களான காரைதீவு, பாண்டிருப்புப் பக்கம் கல்யாண வீடுகளில் அவருடைய குழு வாசிக்கும். மஃரிபுக்கு, அந்தித் தொழுகைக்கு, பாங்கு சொன்னால் நம் பள்ளிவாசல் சத்தம் அங்கேயும் கேட்கும். குமிழைத் திருகிக் குறைத்தால் பிறகு பழைய அளவைக் கண்டுபிடிக்க முடியாது என்று, ஒரே தட்டில் கிட்டாரை ஊமையாக்கும் பித்தளைச் சுவிட்ச் ஒன்றைப் பூட்டினார். சுவிட்ச் கீழே போனதும் ட்ரம்ஸ் அடிக்கிற காரைதீவுக்காரர் குச்சியைத் தூக்கிக் காட்டுவார்.

"காக்கா பாங்கு சுவிட்சப் போட்டுட்டார். நிப்பாட்டுங்க."

பாங்கு முடிந்ததும் சுவிட்ச் மேலே போகும். விட்ட இடத்தில் பாட்டுத் தொடங்கும்.

மதினிக்கு, அதாவது காக்காவின் மனைவிக்கு, அந்தக் கிட்டாரைக் கண்ணில் காட்டக் கூடாது. "இந்தச் சைத்தான்ட பெட்டி கட்டிலுக்குக் கீழ கெடந்தா மலக்குமார் ஊட்டுக்குள்ள வருவாங்களாகா?" என்று, வானவர்கள் வீட்டை ஒதுக்கிவிடுவார்களே என்ற கவலையில், என் மனைவியிடம் புலம்புவார்.

பிறகு காக்காவின் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கொழும்பில் ஆபரேஷன் செய்து, மூச்சுவிடக் கழுத்தில் ஓட்டை வைத்து அனுப்பினார்கள். உயிர் இருந்தது, குரல் போய்விட்டது. நோய் திரும்பி வந்தபோது டாக்டர் எங்களிடம் மறைக்கவில்லை. ஒரு நாள் கழுத்து இரத்தக் குழாய் வெடிக்கலாம், வெடித்தால் அதிக நேரம் இருக்காது என்றார். அன்றிலிருந்து மதினிக்கு ஒரே யோசனைதான். அந்த நேரத்தில் தான் பக்கத்தில் இருக்க வேண்டும், காதில் கலிமா சொல்ல வேண்டும்.

"அவர் தனியாப் போயிரப்படாது தம்பி. வேற ஒண்டும் நான் அல்லாக்கிட்டக் கேக்கல்ல" என்றார்.

ஆனால் சமைக்க வேண்டும், தொழ வேண்டும், கண் அசர வேண்டும். காக்காவின் கையில் ஒரு மணியைக் கொடுத்தோம். ஆட்டின் கழுத்தில் கட்டு என்று சைகை காட்டி எறிந்தார். ஃபோனில் மிஸ்ட் கோல் அடிக்கலாமே என்றேன். முறைத்தார். மறுநாள் போனபோது கட்டிலுக்குக் கீழே கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கிட்டாரை எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்து சுவர் ஓரமாக வயர் இழுத்து, மதினி சமைக்கிற குசினியில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்தேன்.

தடித்த சத்தம் என்றால் தண்ணீர். மூக்குச் சத்தம் என்றால் சளி அடைக்கிறது, வந்து துடை. மணிப் பொத்தானை அமுக்கி அமுக்கி வெட்டி வெட்டி அடித்தால், ஓடி வா. மதினி ஒரு கிழமைக்குள் எல்லாவற்றையும் படித்துவிட்டார். வாழ்நாள் முழுக்க வெறுத்த சத்தத்துக்கு இப்போது அரிசி களைகிற கையோடு ஓடினார். பாங்கு சொல்லும்போது மட்டும் காக்கா அந்தப் பித்தளைச் சுவிட்சைக் கீழே தட்டுவார். முடிந்ததும் மேலே தட்டி, தண்ணீருக்குத் தடித்த சத்தம் விடுவார். வேண்டாம் காக்கா, அந்த நேரம் ஏதும் நடந்தால் மதினிக்குக் கேட்காது, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கிற ஆளா அவர்?

அன்று மஃரிப் தொழுதுவிட்டு நேரே அங்கே போனேன். மதினி பின்னறையில் இன்னும் தொழுகையில் இருந்தார். குசினி ஸ்பீக்கர் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. அறைக்குள் தலையணை, சட்டை, எல்லாம் இரத்தம். காக்கா மௌத்தாகியிருந்தார். பாங்கு சுவிட்ச் கீழே இருந்தது. மணிப் பொத்தானில் இரத்தம். ஆறு தந்திகளிலும் விரல் இழுத்த இடமெல்லாம் இரத்தம். அவர் கூப்பிட்டிருக்கிறார். வெட்டி வெட்டிக் கூப்பிட்டிருக்கிறார். அந்தச் சுவிட்சை மேலே தட்டத்தான் நினைவு வரவில்லை. பாங்கைப் பற்றிக் குறையாக எனக்கு ஒரு சொல் வராது, அதன் மரியாதை அதற்கு. அந்தப் பிடிவாதக்காரன் மீதுதான் கோபம் வந்தது, நெஞ்சு வெடிக்கிற கோபம். சட்டைப் பையில் இருந்த கைலேஞ்சியை எடுத்துத் தந்திகளையும் பொத்தானையும் துடைத்தேன். சுவிட்சைத் தொடவில்லை. அதன் பிறகுதான் மதினியைக் கூப்பிட்டேன்.

ஜனாஸாவுக்கு வந்தவர்கள் எல்லாம் கீழே தட்டியிருந்த சுவிட்சைப் பார்த்தார்கள். பாங்குக்கு மரியாதை செய்துவிட்டு, பாங்கோடேயே போன மனிதர் என்று பேசிக்கொண்டார்கள். காரைதீவுக்காரர் வாசலில் நின்று குழந்தைபோல அழுதார்.

கணவனை இழந்தவள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற இத்தாவில் மதினி இருந்தபோது ஒரு நாள் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து கதைத்தார்.

"தம்பி, அந்த ஸ்பீக்கரக் கழட்டிப் பாத்தயா? அண்டைக்கி அது வேல செஞ்சதா?"

"ஓம் மதினி. நல்லா வேல செஞ்சது."

அது பொய் இல்லை. ஸ்பீக்கரில் ஒரு குறையும் இருக்கவில்லை.

"அப்ப அவர் என்னக் கூப்பிடல்ல. கூப்பிட்டு நான் கேக்காமப் போகல்ல" என்றார்.

திரைக்குப் பின்னால் மதினி மூச்சை இழுத்து விட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.