நான் தின்ற வெல்லம்

அப்பாவின் நெஞ்சைக் கெடுத்தவள் நான்தான் என்று எட்டு வயதில் நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. வெளுக்கிற தொட்டியில் குளோரின் கேஸ் விடுவார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்காமலிருக்க வெல்லம் தின்னக் கொடுப்பது மில்களில் பழைய வழக்கம். இந்தக் கம்பெனி மேனேஜர் அதே வைத்தியத்தைக் கேஸுக்கும் நீட்டிவிட்டார். ஆளுக்கு தினம் ஓர் அச்சு வெல்லம். அப்பா அதைத் தின்னாமல் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவருவார். சைக்கிள் மணி கேட்டதும் நான் ஓடுவேன். என் கண் பையின்மேல்தான் இருக்கும்.

ஒருநாள் குழாய் விட்டுப்போய்க் கேஸ் பரவிவிட்டது. அப்பாவை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண் சிவந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி ஏறி இறங்கியது. பார்க்கவே பயமாக இருந்தது. மேனேஜர் ஒரு பை வெல்லத்தோடு வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, வெல்லத்த ஒழுங்காத் தின்னிருந்தா இம்புட்டுத் தூரம் வந்திருக்குமா?" என்றார் அம்மாவிடம்.

எனக்குத் தாங்கவில்லை. "அம்புட்டையும் நான்தான் தின்னேன்" என்று கத்தி அழுதேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாவோ ஒரு வெல்லத்தை எடுத்து மேனேஜர் கையில் வைத்தாள்.

"இதத் தின்னுட்டு அந்தக் குழாய்ப் பக்கத்துல செத்த நேரம் நில்லுங்க சார். நான் வந்து பாக்கேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா பொறவு அவியள வேலைக்கு அனுப்புதேன்."

மேனேஜர் வெல்லத்தோடு வெளியே போனார். அப்பாவுக்குத் துணையாக இருந்த கம்பெனி ஆள் ஒருவர் இதைக் கேட்டு மற்றவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் கம்பெனியில் ஒருத்தரும் வெல்லத்தைத் தொடவில்லை. குழாயை மாற்று, முகமூடி கொடு என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மேஜையில் கிடந்த வெல்லத்தில் எறும்பு மொய்த்தது. எட்டாம் நாள் இரண்டும் வந்தன. அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் திமிர் ஏறும்.

அப்பா வீடு திரும்பியதும், "இனிமே வெல்லம் கேக்க மாட்டேம்ப்பா" என்றேன்.

மூச்சு வாங்கச் சிரித்தார். "ஏட்டி, வெல்லம் கேஸ நிப்பாட்டும்னா அத உனக்கா கொண்டாருவேன்? நானே தின்னிருப்பேன்லா?"

என்மேல் குற்றமில்லை என்ற சந்தோஷத்தில் விளையாட ஓடிவிட்டேன். நிப்பாட்டாது என்று தெரிந்தேதான் அவர் அத்தனை நாளும் உள்ளே போனார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.