மணல் விலகிய பாறை

2005 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழேகால் மணிக்கு நானும் அப்பாவும் செங்கல்பட்டில் மாமல்லபுரம் பேருந்தில் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு ஒன்பது ரூபாய். எப்போதும் நிற்கவே இடமில்லாத வண்டி, அன்று பாதி காலி. சுனாமி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அலை திரும்பும்போது கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே மணலை வாரிக்கொண்டு போனதில், புதைந்து கிடந்த சிற்பப் பாறைகள் வெளியே தெரிந்தன. செய்தித்தாளில் படம் பார்த்த நாளிலிருந்து அப்பா என்னை விடவில்லை. கல் என்றால் அவருக்கு உயிர். காது மட்டும், பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னாலொழிய, கேட்காது.

திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரத்தில் போய்விட்டோம். நிலையத்தில் சேகர் என்பவரின் ஆட்டோ கிடைத்தது.

“இன்னாக்கா, ஊரே கடலப் பாத்து பயந்து ஓடிகினு கீது, நீங்க தேடிகினு வர்றீங்க?”

“என்ன சொல்றார்?” என்றார் அப்பா, உரக்க.

“ஒண்ணுமில்லப்பா.”

எங்களோடு சேகரும் மணலில் இறங்கி வந்தார். பாறையில் பெரிய யானைத் தலை. அதற்கு மேல் சின்ன மாடம், உள்ளே ஒரு தெய்வம். சற்றுத் தள்ளி ஒரு சிங்கம் படுத்திருந்தது. உப்பு அரித்தும் பிடரி மயிர் கலையவில்லை. அப்பா குழந்தையைத் தடவுவதுபோல் தடவினார். எனக்கோ கண் கடலிலேயே இருந்தது. அலை கொஞ்சம் உள்வாங்கினாலும் சாலை எவ்வளவு தூரம் என்று திரும்பிப் பார்த்தேன்.

வெயில் ஏறியதும், தண்ணீர் பாட்டில் எடுக்க ஆட்டோவை நோக்கி நடந்தேன். பாதி வழியில் அந்தச் சத்தம் கேட்டது.

“தண்ணி ஏறுது! ஓடுங்க!”

பாசிமணி விற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஓடினார்கள். திரும்பிப் பார்த்தேன். அப்பாவைக் காணவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்த பக்கம் போயிருந்தார்.

நான் கூட்டத்துக்கு எதிரே ஓடினேன். எதிரே ஓடி வந்த சேகர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“எங்க போற? ரோட்டாண்ட ஓடுக்கா!”

“அப்பாவுக்குக் காது கேக்காது!”

அவர் கையை விட்டார். அடுத்த நொடி எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

அப்பா குனிந்து நின்றார். “வந்துட்டியா? இந்தக் குதிரையப் பாரு, பாயறாப்பல இருக்கு” என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஓர் அலை எங்கள் முழங்காலை நனைத்தது. சேகர் அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

சாலையில் நின்று மூச்சு வாங்கியபடி கடலையே பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. எவனோ கிளப்பிவிட்ட வதந்தி.

சேகர் ஆட்டோ படியில் உட்கார்ந்தார். “அன்னிக்கும் இப்டித்தான் கத்துனாங்க. சும்மா சொல்றானுங்கன்னு நின்னுகினு இருந்தேன். என் வூட்டுக்காரிதான் இழுத்துகினு ஓடுனா. இல்லன்னா போயிருப்பேன்.”

வரும்போது பேருந்தில் அப்பாவின் காதருகே நடந்ததைச் சொன்னேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அப்பா என் பக்கம் திரும்பினார். “நீ ஏன் திரும்பி வந்த? ஓடியிருக்கணும்” என்றார். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

எங்கள் தெரு கொளவாய் ஏரியை ஒட்டியது. பிறந்ததிலிருந்து நான் பார்க்கும் தண்ணீர். அன்றும் அசையாமல்தான் கிடந்தது. கரையோரமாக நடப்பது அப்பாவின் வழக்கம். அன்று அவரைத் தெருப் பக்கம் விட்டு, நான் ஏரிப் பக்கம் மாறி நடந்தேன்.