வழி தவறினால் போஸ்ட்கோடைக் காட்டுங்கள்

தென் லண்டனில், நான் இருக்கும் மிச்சம் என்ற பகுதியில், டிராம் ஏறுமுன் மேடையில் நிற்கும் கருவியில் பயண அட்டையை ஒருமுறை தொட்டால் போதும். இறங்கும்போது தொடத் தேவையில்லை. நிலக்கீழ் ரயிலில் அப்படியல்ல; உள்ளே போகவும் தொட வேண்டும், வெளியே வரவும் தொட வேண்டும். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடங்களாகியும் டிராமிலிருந்து இறங்கியதும் என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போகிறது. இறங்கிவிட்டேன் என்று யாருக்காவது அறிவிக்க வேண்டும் போலிருக்கிறது. அதற்குள் டிராம் போய்விடுகிறது.

லண்டனுக்கு முதன்முதலாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தவை இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். நகரும் படியில் வலப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், இடப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். கணவனும் மனைவியும் ஒன்றைத் தொட்டுப் போக ஏலாது. பஸ் வருவதைக் கண்டால் கையை நீட்டுங்கள். வெயிலை நம்பி மேலங்கியை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். ரயிலில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்காதீர்கள். காலில் போட்டிருக்கும் சப்பாத்தைப் பாருங்கள், அவரும் உங்களுடையதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவற்றையெல்லாம் நான் முதலில் எழுதியது அக்காவுக்காக. போன கோடையில், நான் இன்னும் திரும்பிப் போகாத எங்கள் ஊரான சாவகச்சேரியிலிருந்து, விசா எடுத்து மூன்று கிழமை தங்க வந்தா. ஒரு தாளில் வரிசையாக எழுதி, விமான நிலையத்திலேயே கையில் கொடுத்தேன். கடைசி வரி இது: “வழி தவறினால் என் பெயரைச் சொல்லாதேங்கோ, இங்கே ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. முகவரியிலை இருக்கிற போஸ்ட்கோடைக் காட்டுங்கோ.”

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தவ, பனைவெல்லத்தை உள்ளே வைத்துப் பனையோலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டான்கள் பத்தை எடுத்து மேசையில் வைத்தா.

“இது உனக்கில்லை. பக்கத்து வீட்டு மனிசிக்கு.”

நான் குனிந்து குட்டான்களை எண்ணத் தொடங்கினேன். அதற்கு முந்திய குளிர்காலத்தில் எனக்குப் பித்தப்பையில் சத்திரசிகிச்சை நடந்தது. கூட்டிப் போக ஆள் வருமா என்று தாதி கேட்டபோது, வாசலில் நிற்கிறார் என்று சொல்லிவிட்டுத் தனியே டாக்சி பிடித்து வந்தேன். அன்று பின்னேரம் அக்கா ஊரிலிருந்து போன் எடுத்தா. “ஆரடா உன்னைப் பாக்கினம்?” என்று அழுதா. சுவருக்கு அந்தப் பக்கம் கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. “பக்கத்து வீட்டு மனிசி தங்கமான ஆள், அக்கா. நெடுகச் சூப் கொண்டந்து தாறா” என்றேன். ஒன்பது வருடங்களாக அந்தச் சுவரை ஒட்டித் தூங்குகிறேன். அவளுடைய இருமல் எனக்குப் பழக்கம். பெயர் தெரியாது.

அக்கா குளிக்கப் போன நேரம் தாளை எடுத்து இன்னொரு வரி சேர்த்தேன்: முன்கூட்டிச் சொல்லாமல் அயல்வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது. ‘கூடாது’ என்பதன் கீழே கோடும் போட்டேன்.

நாலாம் நாள் வேலை முடிந்து வந்தபோது அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. மேசையில் குட்டான்களைக் காணவில்லை.

“போனனீங்களோ?”

“ஓம். பேர் மோரீன். முழங்கால் ஏலாதாம்.”

“இங்கிலிஷ் தெரியாமல் எப்பிடிக் கதைச்சனீங்கள்?”

“நான் என்ரை முழங்காலைக் காட்டினன். அவ தன்ரையைக் காட்டினா. பிறகென்ன? தேத்தண்ணி ஊத்தித் தந்தா, சீனி எண்ட பேச்சில்லை. பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சு ரெண்டுபேரும் குடிச்சம். அவ முதலிலை ஓலையையும் கடிக்கப் பாத்தவ.”

சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. வெங்காயத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னா:

“தம்பி எண்டு போனிலை உன்ரை படத்தைக் காட்டினன். அவவுக்குப் பிடிபடேல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பாத்தா. பிறகு கலண்டரிலை செவ்வாயைத் தொட்டு, குப்பைத்தொட்டியை உருட்டுற மாதிரிக் கையாலை காட்டினா. செவ்வாய்க்கிழமையிலை தொட்டி தள்ளுற ஆள். உன்னை அவவுக்கு அவ்வளவுதான் தெரியும்.”

குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கினேன். ஏற்கெனவே கழுவிய கைதான்.

“அப்ப ஆரடா உனக்குச் சூப் வைச்சது?”

“அது தகரத்திலை அடைச்சுக் கடையிலை வரும், அக்கா. சூடாக்கினாச் சரி.”

ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. சமையல் முடிந்ததும், “சரி, வா, சாப்பிடு” என்றா. மிச்ச நாட்களில் அந்தப் பொய்யைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எல்லாரும் படமெடுக்கும் பாலத்தையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் காட்டக் கூட்டிப்போனேன். அக்கா அவற்றைக் கொஞ்சமும் என்னைக் கூடுதலாகவும் பார்த்தா.

திரும்பிப் போகும் நாளில், விமான நிலையத்தில், நான் எழுதிக் கொடுத்த தாளை நாலாக மடித்து என் சட்டைப்பைக்குள் வைத்தா. “எனக்கு இனித் தேவையில்லை. பின்பக்கத்தைப் பார். இப்ப பாராதை.”

விம்பிள்டனில் டிராம் ஏறி உட்கார்ந்து விரித்தேன். பின்பக்கம் முழுக்க அக்காவின் எழுத்து.

“கொழும்பிலை இறங்கினா பஸ்சிலை வராதை, இடுப்புப் போகும். காலமை ரயிலுக்கு முதலே பதிவு செய். சந்தியிலை நீ நினைக்கிற கடை இல்லை, இப்ப பாங்க். எங்கடை வீட்டுக்கு வாற ஒழுங்கைக்கு இப்ப வேலியில்லை, ரெண்டு பக்கமும் மதில். கிணத்துத் தண்ணி குடியாதை, உனக்கு இனி ஒத்துவராது, போத்தில் வாங்கு. வெயிலுக்குத் தொப்பி போடு, ஆரும் சிரிச்சாச் சிரிக்கட்டும். வழி தவறினா உன்ரை பேரைச் சொல்லாதை, இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. என்ரை பேரைச் சொல்லு.”

என் தரிப்பிடத்தில் இறங்கினேன். கை வழக்கம்போலச் சட்டைப்பைக்குள் போனது. அட்டைக்குப் பக்கத்தில் தாள். மேடையில் நின்று அதை ஒருமுறை புரட்டினேன், திரும்பவும் புரட்டினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் முதன்முதலாக வருகிறவனுக்கான குறிப்புகள்.